டிக் தங்காத பெட்டி

தினகரன் எழுந்தான். பால் காய்ச்சினான். ஒரு டம்ளர் காபி குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். சட்டையைத் தேய்த்துப் போட்டான். முடிச்சூரிலிருந்து தாம்பரத்துக்கு ஷேர் ஆட்டோ. அங்கிருந்து ரயில். பொத்தேரியில் இறங்கிக் கல்லூரிக்கு நடந்தான்.

அங்கே அவன் தற்காலிக விரிவுரையாளர். இன்று மாதிரி வகுப்பு. கணிதத் துறைத்தலைவர் சுபத்ராவுக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் இந்த மாதத்தோடு சரி.

சுபத்ரா கடைசி பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். முன்னால் பெரிய திரையில் தினகரன் தயாரித்த வளைவரை. ஓரத்தில் மூன்று பெட்டிகள்: தொடுகோடு, செங்கோடு, பரப்பு. பெட்டியில் டிக் போட்டால் அது படத்தில் தோன்றும். எடுத்தால் மறையும்.

"இப்ப டேன்ஜென்ட் வரும், பாருங்க."

டிக் போட்டான். தொடுகோடு வந்தது. மாணவர்கள் பக்கம் திரும்பினான்.

"சார், போயிடுச்சு," என்றான் முன் பெஞ்ச் ஆரோன்.

டிக் இல்லை. மறுபடி போட்டான். வந்தது. போனது.

"தொட்டுட்டு ஓடிடுது சார்."

வகுப்பு சிரித்தது. சுபத்ரா சிரிக்கவில்லை. புருவத்தைச் சுருக்கினார். தினகரனுக்குப் பிடரி வியர்த்தது.

பெட்டிகளுக்கான நிபந்தனையை நிரலில் தலைகீழாக எழுதிவிட்டோமோ? உள்ளே போய் மூன்றையும் மாற்றினான். இனி டிக் இல்லாவிட்டால்தான் தோன்றும். டிக் எதிலும் இல்லை. மூன்றும் ஒரேயடியாக வந்து விழுந்தன. பரப்பின் நீலம் பாதித் திரையை விழுங்கியது.

"இதுல எதை சார் பாக்கணும்?" ஜான்சி கேட்டாள்.

"ஒரு நிமிஷம்மா."

நீலத்தை மறைக்க டிக் போட்டான். போனது. வந்தது. போட்டான். வந்தது.

"ச்சே!" என்று கடைசி பெஞ்சிலிருந்து கேட்டது. சுபத்ரா நெற்றியில் அடித்துக்கொண்டிருந்தார்.

வேலை போய்விட்டது என்று நினைத்தான். மவுஸ்தான் கெட்டிருக்க வேண்டும். வயரைப் பிடுங்கினான். இரண்டு கையையும் எடுத்துக்கொண்டு நின்றான்.

திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. செங்கோட்டுப் பெட்டிக்குப் போனது. டிக் போட்டது. எடுத்தது. போட்டது.

"டேய், பேய் கணக்கு போடுதுடா!"

"சாரை விட ஸ்பீடா போடுது மச்சான்," என்றான் ஆரோன்.

சுபத்ரா லேப்டாப்பைப் படாரென்று மூடினார். எழுந்து விடுவிடுவென்று முன்னால் வந்தார்.

"மேடம், வீட்ல நல்லா ஓடுச்சு மேடம். காலையில கூடப் பார்த்தேன். இன்னும் ஒரே ஒரு சான்ஸ்..."

அவர் வகுப்பறைக் கம்ப்யூட்டரின் பின்பக்கம் குனிந்து, நகம் அளவுக்கு ஏதோ ஒன்றைப் பிடுங்கி எடுத்தார்.

"என் வயர்லெஸ் மவுஸோட ரிசீவரை நேத்து இதுலயே சொருகி விட்டுட்டேன் தினகரன், அது தெரியாம லேப்டாப் ஹேங் ஆயிடுச்சுன்னு இவ்ளோ நேரம் கிளிக் பண்ணிக்கிட்டே இருந்தேன், உங்க கிளாஸை இன்னும் பாக்கவே இல்ல, ஆரம்பிங்க."