மாதவியின் மூக்கில் பட்டாணி

"எதுக்கும்மா உள்ள போட்டே?"

"எங்க போய் நிக்குதுன்னு பார்த்தேன்பா," என்றாள் மாதவி. வயது ஆறு. வலது மூக்குக்குள் ஒரு வறுத்த பட்டாணி.

அப்பா தர்மேந்திரனுக்கு வியர்த்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை. இன்னும் கொஞ்ச நேரத்தில் மாதவியின் அம்மா ரோகினி மம்பா ஊரிலிருந்து இவன் வேலை பார்க்கும் சுவா தோட்டத்துக்கு வந்து பிள்ளையைக் கூட்டிப் போவாள். விவாகரத்துத் தீர்ப்பு அப்படி: வாரநாள் அவளுக்கு, சனி ஞாயிறு இவனுக்கு. வைத்தியச் செலவு ஆளுக்குப் பாதி. யார் கட்டினாலும் ரசீதை மற்றவருக்கு அனுப்ப வேண்டும்.

அந்த ரசீதுதான் வினை. 'ரெண்டு நாள்கூடப் பிள்ளையைப் பார்த்துக்கத் தெரியாத மனுஷன்' என்று ரோகினி மறுபடி கோர்ட்டுக்குப் போனால், சனி ஞாயிறும் கையைவிட்டுப் போகும். வாரம் முழுக்க, எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டரை ஓட்டுகிறவனுக்கு அந்த இரண்டு நாள்தான் உயிர். அதனால் தன் வீட்டில் மகளுக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை என்று இதுநாள்வரை சாதித்து வந்தான்.

பக்கத்து வீட்டுச் செல்லம்மா எட்டிப் பார்த்தாள். "மிளகுத்தூளக் காட்டு தம்பி. தும்முனா தெறிச்சிடும்."

காட்டினான். தும்முவதற்கு முன் மூச்சை உள்ளே இழுக்க வேண்டும் என்பதை இருவருமே மறந்துவிட்டார்கள். பட்டாணி இன்னும் மேலே ஏறிக்கொண்டது.

"உப்புத்தண்ணி விட்டா வழுக்கிட்டு வந்திடும்லா," என்றான் தர்மேந்திரன். ஊறிய பட்டாணி உப்பும் என்பது சமைக்கத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவனுக்குச் சமைக்கத் தெரியாது.

மகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பறந்தான். சுவாவில் டாக்டரிடம் போனால் தோட்டமே பேசும். மம்பாவில் முழுக்க ரோகினியின் சொந்தக்காரர்கள். நடுவில் இருக்கும் செண்டாயானில்தான் தன்னை யாருக்கும் தெரியாது என்று அங்கே ஒரு கிளினிக்கில் நுழைந்தான்.

போன் அடித்தது. ரோகினி.

"கெளம்பிட்டேன். எங்க இருக்கீங்க?"

"செண்டாயான்ல. பிள்ளைக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தரலாம்னு..."

"சளி பிடிக்கிற பிள்ளைக்கு ஐஸ்கிரீமா? அங்கேயே இருங்க, நான் வர்றேன்."

பொய் சொல்லியும் மாட்டிக்கொண்டோமே என்று நொந்துகொண்டான். மாதவி மட்டும் அசரவில்லை. "பயப்படாதப்பா, வலிக்காது," என்றாள்.

"வா மாதவி, உள்ள போ," என்றாள் கவுண்டரில் இருந்த எல்சி. மகளின் பெயரை இவளிடம் எப்போது சொன்னோம் என்று தர்மேந்திரன் யோசித்துப் பார்த்தான். பதற்றத்தில் சொல்லியிருப்போம் என்று விட்டுவிட்டான்.

உள்ளே அதைவிட ஆச்சரியம். டாக்டர் சொல்வதற்கு முன்பே மாதவி நாற்காலியில் ஏறித் தலையைச் சாய்த்து, வாயால் மூச்சு விட்டாள். இந்த வித்தையெல்லாம் இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? பள்ளிக்கூடத்தில் இதையும் கற்றுத் தருகிறார்கள் போலிருக்கிறது. டாக்டர் கொக்கி போன்ற ஒன்றை விட்டு இழுத்ததும், கொழுத்த பட்டாணி பீங்கான் தட்டில் விழுந்தது.

மகளைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு வெளியே வந்து பணத்தைக் கட்டினான். எல்சி ரசீதுப் புத்தகத்தை எடுத்தாள்.

"வேணாம் தங்கச்சி," என்றான், குரலைத் தாழ்த்தி. "ரசீதே வேணாம். இவங்க அம்மா இப்ப வந்திடுவாங்க. யாராவது கேட்டா நாங்க இங்க வரவே இல்லன்னு சொல்லிடுங்க."

எல்சி புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, மாதவியை ஒரு பார்வை பார்த்தாள்.

"போன புதன்கிழமை இடது மூக்குல கடலை எடுத்தப்போ, அவங்க அம்மாவும் இதே எடத்துல நின்னு, 'ரசீது வேணாம்லா, அவருக்குத் தெரிஞ்சா பிள்ளைய என்கிட்டேருந்து பிரிச்சிடுவாரு'ன்னு அழுதாங்கண்ணே."