பேணாட் அனுப்பிவைத்த ஆட்கள்

பிறருடைய படிவத்தை நிரப்பும்போது பேணாட்டின் கைகளைப் பார்க்க வேண்டும். இடது கை, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைப் பிடிப்பதுபோல், காகிதத்தின் மூலையைப் பிடித்திருக்கும். வலது கை பென்சிலைச் சீவும், ஊதும், நுனியைக் கட்டைவிரலில் குத்திப் பார்க்கும், திருப்தியில்லாமல் மறுபடி சீவும். அரை மணித்தியாலத்தில் பென்சில் பாதியாகிவிடும். படிவத்தில் பெயரின் முதலெழுத்துக்கூட விழுந்திராது. ஆனால் அதற்குள் குவைத்தில் வெயில் எவ்வளவு, மெல்பேணில் வீட்டு வாடகை எவ்வளவு, இலண்டனில் எந்த மாதம் போய் இறங்கினால் நெஞ்சில் சளி கட்டாது என்பதெல்லாம் எதிரில் இருப்பவருக்குச் சொல்லி முடிந்திருக்கும்.

இதுதான் வழிசொல்லி என்ற இனம். ஊருக்கு ஒருவர் நிச்சயம். துறைமுகம் உள்ள ஊரென்றால் தெருவுக்கு ஒருவர். இந்த இனத்தின் முதல் அடையாளம், அது எங்கும் போவதில்லை. போனால் இனம் அழிந்துவிடும். பேணாட் திருகோணமலைத் துறைமுகக் களஞ்சியத்தில் இருபத்தெட்டு வருடம் கிளாக்கராக இருந்து, வந்த கப்பலையும் போன கப்பலையும் ஒழுங்காக எழுதிவைத்து, ஒன்றிலும் ஏறாமல் ஓய்வு பெற்றவர். வடக்கே புல்மோட்டை, தெற்கே இலங்கைத்துறை, இடையில் ஒரு முறை கொழும்புக்குப் போய்ப் பல் பிடுங்கிக்கொண்டு வந்தது. அவருடைய உலகப் பிரயாணம் அவ்வளவுதான்.

இரண்டாவது அடையாளம், அவர் யாரையும் உள்ளபடி போகவிடமாட்டார். கிண்ணியா அபூதாஹிர் நல்ல வெல்டர். குவைத்துக்கு வெல்டர் தேவை என்று கேட்டிருந்தார்கள். “வெல்டர் எண்டு போடாதையும், இஞ்சினியர் எண்டு போடும்” என்று திருத்தியவர் பேணாட். நேர்முகத்தில் ஒரு பாலத்தின் வரைபடத்தை விரித்து ஏதோ கேட்டார்களாம். அபூதாஹிர் இன்றைக்கும் கிண்ணியாவில்தான் வெல்டிங் செய்கிறார். நன்றாகச் செய்கிறார்.

எழுபத்தைந்தாம் ஆண்டு ஜூன் மாதத்தில் இவரிடம் போய் அகப்பட்டவள் இன்பமலர்.

ஓர்ஸ் ஹில்லில் இன்பமலரைத் தெரியாத மணப்பெண் இல்லை. வயது முப்பத்தெட்டு, தனி ஆள், கால்மிதித் தையல் மெஷின் ஒன்று. படம் வரையத் தெரியாது. பெண்ணை நிற்கவைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பாள். பழைய பத்திரிகையை எடுத்து நேரே வெட்டுவாள். அந்தக் காகிதத்தைத் துணியில் வைத்து மறுபடி வெட்டுவாள். அப்படி அவள் வெட்டிய கழுத்தும் கையும் அடுத்த மாதமே மற்றத் தையல்காரிகளின் சட்டைகளில் வந்துவிடும். ஆனால் அந்த வருடங்களில் வெளிநாட்டுத் துணி நாட்டுக்குள் வருவதே அபூர்வம். சாட்டின் இல்லை, லேஸ் இல்லை. சேர்ச்சுக்குப் போகும் பெண்ணின் முக்காட்டை அவள் கட்டிலுக்கு மேலே கட்டும் நுளம்புவலையில் தைத்தாள். கண்டுபிடித்தவர் எவரும் இல்லை; நுளம்பும் வரவில்லை. அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. கை நடுங்கத் தொடங்குவதற்கு முன் நல்ல சாட்டினில் கத்தரிக்கோல் வைக்க வேண்டும்.

அப்போதுதான் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்திலிருந்து கடிதம் வந்தது. எழுதியவர் மிஸிஸ் ஹாட்லி. இங்கே வெள்ளைக்காரக் கடற்படை இருந்த காலத்தில் ஒரு துரையின் மனைவி. இன்பமலர் பத்தொன்பது வயதில் தைத்துக்கொடுத்த கவுண்களை இன்னும் வைத்திருப்பவர். இப்போது அங்கே கல்யாண உடுப்புக் கடை நடத்துகிறார். வேலை இருக்கிறது; ஆகஸ்ட் முடிவதற்குள் கொழும்பு விசா அலுவலகத்தில் படிவத்தைக் கொடுத்தால் மற்றதை அவர் அங்கே பார்த்துக்கொள்வார். இவ்வளவும் முதற்பக்கத்தில் இருந்தது. இன்பமலருக்கு இங்கிலீஷ் பேச வரும். கூட்டெழுத்து வாசிக்க வராது. ஆகவே கடிதத்தைப் பேணாட்டிடம் கொண்டுபோனாள்.

“ரெண்டாம் பக்கத்தில என்ன அண்ணை எழுதியிருக்கிறா?”

“அது சும்மா சுகம் விசாரிப்பு. வெள்ளைக்காரர் அப்பிடித்தான். விசயத்துக்கு வருவம். தொழில் எண்ட இடத்தில என்ன போடப் போறீர்?”

“தையல்.”

பேணாட் கண்ணாடியைக் கழற்றினார். இந்த இனம் கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் இருப்பவருக்கு நஷ்டம் என்று பொருள்.

“தையல் எண்டு போட்டீர் எண்டா, பிள்ளை, வாழ்நாள் முழுக்கப் பொத்தான் தைக்கத்தான் விடுவான். பஷன் டிசைனர் எண்டு போடும். கடை வாசலில உம்மட பேரை எழுதிவைப்பான்.”

“அவ என்னட்ட டிசைனர் கேக்கேல்லையே அண்ணை?”

“கேக்கமாட்டா. நாங்கள்தான் சொல்லவேணும்.”

குசினியிலிருந்து மாகிரட்டின் குரல் வந்தது. மாகிரட் பேணாட்டின் மனைவி. முப்பது வருடமாக இந்த நோயைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். “இஞ்சாருங்கோ, நீங்கள் அனுப்பின ஆக்கள் எல்லாரும் இஞ்சதான் இருக்கினம். அந்தப் பிள்ளையை அதின்ர பாட்டில விடுங்கோ.”

“நீ தேத்தண்ணியைப் பார்” என்றார் பேணாட். வழிசொல்லி தன் வீட்டுக்குள் வழி கேட்பதில்லை.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர் சொன்னது பொய் இல்லை. இன்பமலர் செய்தது வடிவமைப்புத்தான். ஆனால் படிவம் என்பது பாவசங்கீர்த்தனம் இல்லை. முழு உண்மையையும் அங்கே கொண்டுபோய்க் கொட்ட வேண்டியதில்லை. வேலை கொடுப்பவர் எந்தச் சொல்லைச் சொல்லி அனுமதி கேட்கிறாரோ அந்தச் சொல் இருந்தால் போதும். இது தெரிய வேண்டுமானால் கடிதத்தை முழுவதும் வாசிக்க வேண்டும்.

ஜூன் போயிற்று. ஜூலையில் பேணாட்டுக்கு ஒரு விஷயம் உறைத்தது. டிசைனர் என்றால் படம் வேண்டும். இன்பமலருக்கு வரையத் தெரியாது. அதனால் என்ன? துறையடியில் இராசையா இருக்கிறார். படகுகளுக்குப் பெயின்ற் அடித்து, பெயர் எழுதி, முகப்பில் மாதாவின் படம் வரைபவர். பேணாட் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து இருத்தினார். இன்பமலர் வாயால் சொன்னாள், இராசையா வரைந்தார். ஆறு கவுண். ஆறிலும் இடுப்புக்குக் கீழே படகு மாதிரி ஒரு அகலம். ஆறிலும் பாவாடை ஓரத்தில் அலை அடித்தது. ஒன்றில் இரண்டு மீனும் இருந்தன.

“அண்ணை, அலை என்னத்துக்கு?”

“கீழ கொஞ்சம் தண்ணி இல்லாட்டி, தங்கச்சி, படம் அந்தரத்தில நிக்கும்” என்றார் இராசையா. தொழில் தெரிந்தவர் சொல்வதை மறுப்பது எப்படி? பிறகு, தான் தொட்ட எல்லாப் படகிலும் செய்வதுபோலவே, ஆறு படத்தின் கீழும் சிவப்பு மையில், இங்கிலீஷில், பெரிதாகத் தன் பெயரை எழுதினார்: ஆர்ட்டிஸ்ட் இராசையா, திருகோணமலை. பேணாட் தூர வைத்துப் பார்த்து, “இப்பதான் ஒரு களை வந்திருக்கு” என்றார்.

படிவமும் படங்களும் கொழும்புக்குத் தபாலில் போயின. பதில் ஆகஸ்ட் இருபத்தாறாம் தேதி வந்தது. விசா அலுவலகத்தார் மரியாதையானவர்கள். இணைக்கப்பட்டிருந்த ஆறு வடிவமைப்புகளும் திரு. இராசையா என்பவருடையவை எனத் தெரிகிறது; அவர் விண்ணப்பிக்க விரும்பினால் இத்துடன் ஒரு படிவம் அனுப்பப்படுகிறது; தங்களுக்கும் வேறொரு படிவம் அனுப்பப்படுகிறது; தங்களுடைய தொழில் யாதென அறியத் தரவும். இவ்வளவுதான்.

இன்பமலர் கதிரையின் விளிம்பில் இருந்தாள். மாதம் முடிய ஐந்து நாள். பேணாட்டின் முகத்திலோ விளக்குக் கொளுத்தி வைத்ததுபோல் வெளிச்சம்.

“பாத்தீரே பிள்ளை! ஒரு போம் அனுப்பினம், ரெண்டு வந்திருக்கு!”

இரண்டையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இராசையாவுக்கு வழி சொல்ல அந்த மதிய வெயிலிலேயே துறையடிக்கு நடந்துவிட்டார். இன்பமலரின் அலுவல் ஒரு நாள் பொறுக்குமாம். புதிய கேஸ் பொறுக்காதாம்.

அவர் படலையைத் தாண்டியதும் இன்பமலர் மிஸிஸ் ஹாட்லியின் கடிதத்தை எடுத்து மாகிரட்டிடம் நீட்டினாள். “அக்கா, கொன்வென்ற்றில படிச்சனீங்கள்தானே. இந்த ரெண்டாம் பக்கத்தை ஒருக்கா வாசியுங்கோ.”

மாகிரட் கையைத் துடைத்துக்கொண்டு வாசித்தார். சுகம் விசாரிப்பு ஒரு வரி இருந்தது. மிச்சம் இதுதான்: ‘டிரெஸ்மேக்கர் என்றே எழுது, அதைவிடப் பெரிதாக ஒன்றும் எழுதாதே. நான் இங்கே டிரெஸ்மேக்கர் என்றுதான் அனுமதி கேட்டிருக்கிறேன். நீ தைத்த உடுப்பு இரண்டு, நீ தைத்துக்கொடுத்த ஒருவரின் கடிதம் ஒன்று சேர்த்துக் கொடு. வேறொன்றும் வேண்டாம். ஆகஸ்ட் தவறினால் கடையை வைத்துக்கொண்டு நான் காத்திருக்க ஏலாது.’

மாகிரட் கடிதத்தை மேசையில் வைத்தார்.

“ஏன் பிள்ளை இதை என்னட்ட முந்திக் கேக்கேல்லை?”

“அண்ணை வாசிச்சிட்டார் எண்டு நினைச்சிருந்தனான்.”

“அவர் வாசிக்கிறேல்லையடி. விளங்கப்படுத்துறவர்.”

பிறகு மாகிரட் மேசையில் இருந்து, தன் மகளின் கல்யாணக் கவுண் இன்பமலர் தைத்தது என்றும், ஏழு வருடமாகியும் ஒரு தையல் விடவில்லை என்றும் இங்கிலீஷில் அரைப் பக்கம் எழுதி, திகதியும் போட்டுக் கையொப்பம் வைத்தார். ஏழு நிமிடம் எடுத்தது.

இன்பமலர் துறையடிக்குப் போனபோது, கவிழ்த்துப் போட்ட படகின் பக்கத்தில் பேணாட் நின்று, ‘கடல்சார் ஓவியர்’ என்று போடுவதா ‘கடற்படை ஓவியர்’ என்று போடுவதா என்று இராசையாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்னத்தையாவது போடுங்கோ, நான் போகப்போறேல்லை” என்றார் இராசையா படகிலிருந்து தூரிகையை எடுக்காமலே. “அந்தக் குளிருக்கை பெயின்ற் எப்ப காயுறது?”

“அண்ணை, என்ர போமைத் தாங்கோ” என்றாள் இன்பமலர்.

“பொறும் பிள்ளை. அவசரத்தில எழுதினா அபூதாஹிரின்ர கதையாப் போயிடும்.”

“அபூதாஹிரின்ர கதையை எழுதினதும் நீங்கள்தானே அண்ணை.”

இராசையா சிரித்துவிட்டார். பேணாட் கண்ணாடியைக் கழற்றப் போன நேரத்தில் அவள் அவருடைய பையிலிருந்து படிவத்தை எடுத்து, படகின் முதுகில் வைத்து, பேனையால், அச்செழுத்தில், ஒவ்வொரு எழுத்தாக டிரெஸ்மேக்கர் என்று எழுதினாள். மூலையில் கொஞ்சம் நீலப் பெயின்ற் பட்டது.

“பேனையாலயோ! இனி அழிக்க ஏலாதே!” என்றார் பேணாட்.

“ஓம் அண்ணை. ஏலாது.”

அடுத்த நாள் கொழும்பு பஸ்ஸில் இரண்டு கவுண்களை மடியில் வைத்துக்கொண்டு அவளே போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். வேறு யாரும் வழி சொல்லவில்லை. அனுமதி வந்து பெப்ரவரியில் போர்ட்ஸ்மத்துக்குப் போனாள்.

ஏப்ரலில், ஒரு சனிக்கிழமை, மாகிரட்டுக்கு அவளிடமிருந்து விமானத் தபாலில் எயாலெற்றர் வந்தது. குளிர் பரவாயில்லை, சாட்டின் கத்தரிக்கோலில் தண்ணீர் மாதிரி வழுக்குகிறது, முதலில் இரண்டு யார் துணியைப் பாழாக்கிவிட்டேன், மிஸிஸ் ஹாட்லி ஏசவில்லை. மாகிரட் வாசித்து முடித்து வைத்ததை எடுத்துக்கொண்டு பேணாட் ஞாயிறு மாலைப் பூசைக்குப் போனார். பூசை முடிந்து வெளியே வந்த சனத்தை நிறுத்தி, முத்திரையைக் காட்டி, நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: “நான் அனுப்பினனான்.”

மறுநாள் காலை ஏழு மணிக்குள் அவருடைய வாசலில் நான்கு பெண்கள், ஆளுக்கொரு கடிதத்துடன். மாகிரட் பக்கத்து வீட்டில் இரண்டு கதிரை இரவல் வாங்கி வந்து போட்டார். அந்த வழியால் போகிறவர்கள் எட்டிப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். உங்களுக்கும் பரிதாபமாகத்தான் இருக்கும். அந்தப் பெண்களைத் தனியே கூப்பிட்டு, இவரிடம் வேண்டாம், கனடாவுக்கு இப்போது இதைவிடச் சுலபமான ஒரு வழி இருக்கிறது என்று மெதுவாகச் சொல்ல வேண்டும் என்றிருக்கிறதா? அப்படியானால் உள்ளே வாருங்கள். ஒரு கதிரை இன்னும் காலியாக இருக்கிறது, மேசைக்கு அந்தப் பக்கம், பேணாட்டுக்குப் பக்கத்தில்.