தலைவர் பதவியும் மூன்று கொடிக்கயிறும்

மனிதனுக்குக் கையெழுத்து முக்கியமில்லை. கையெழுத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். முப்பத்திநாலு வருஷம் என் கையெழுத்துக்குக் கீழே 'கண்காணிப்பாளர்' என்று ரப்பர் ஸ்டாம்பு விழுந்தது. ஓய்வு பெற்ற மறுநாள் ஒரு கூரியர் வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். கீழே வெறும் காலியிடம். அதையே பார்த்துக்கொண்டு நின்றதில், "பேனாவக் குடுங்க சார்" என்று கூரியர்காரர் மூன்று தரம் கேட்க வேண்டியதாயிற்று.

ஆறு மாதம் அப்படியே போனது. ஒரு நாள் காலை, எங்கள் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் சரியாக என் கண் மட்டத்தில் ஒரு தாள். அக்கம்பக்கத்தார் நலனுக்குப் பாடுபடும் உள்ளூர்க் குழுக்களுக்கு நகராட்சி நிதியுதவி தருகிறதாம். என் முதுகு தானாக நிமிர்ந்தது. குழு என்று இருந்தால் தலைவர் என்று ஒருவர் வேண்டும் அல்லவா?

"சங்கம் ஆரம்பிக்கப் போறேன்," என்றேன் மனைவியிடம். அவள் காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு மொட்டை மாடிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"எதுக்குங்க?"

"அக்கம்பக்கத்து நலனுக்கு."

"எதிர் வீட்டுல யார் இருக்காங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

"அதெல்லாம் செயலாளர் பாத்துப்பாரு."

"செயலாளர் யாரு?"

"நீதான்."

"பொருளாளர்?"

"அதுவும் நீதான். தற்காலிகமா."

"அப்ப நீங்க?"

"தலைவர். நிரந்தரமா."

அவள் சிரிக்கவில்லை. "பன்னெண்டு உறுப்பினர் வேணும்னு போட்டிருக்கே. எங்க துணி கோஷ்டியில பதினஞ்சு பேர் இருக்கோம். சேத்துக்கறீங்களா?"

துணி கோஷ்டி என்பது தினமும் மாலை நாலு மணிக்கு மொட்டை மாடியில் கூடுவது. கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து, வட்டமாக உட்கார்ந்து மடிப்பார்கள். அவரவர் துணியை அவரவர் மடிக்கக்கூடாது என்று அதற்கு ஒரு சட்டம் வேறு. என் பனியனைக் கீழ்வீட்டுத் தையல்காரம்மா மடித்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவதை நான் ஒருபோதும் ரசித்ததில்லை.

"சங்கம்னா ஒரு தரம் வேணும்," என்றேன். "துணி மடிக்கறவங்களையெல்லாம் சேத்தா நகராட்சி சிரிக்கும்."

"சரிங்க."

அவள் 'சரிங்க' என்றால் உஷாராக வேண்டும் என்பதைக் கல்யாணமான முதல் மாதமே கற்றுக்கொண்டவன் நான். தேவைப்படும் நேரத்தில்தான் அது மறந்துபோகும்.

"ஃபார்ம் வாங்கும்போது ரெண்டா வாங்கிட்டு வாங்க," என்றாள். "ஒண்ணு அடிச்சுத் திருத்தி வீணாப்போனா இன்னொண்ணு இருக்கும்."

என்ன முன்யோசனை! மனசுக்குள் மெச்சிக்கொண்டே இரண்டாக வாங்கி வந்தேன்.

ஃபார்ம் பதினாலு பக்கம். பத்து நாள் அதிலேயே குடியிருந்தேன். உறுப்பினர் பட்டியலுக்காகக் கீழே வரிசையாக இருந்த தபால் பெட்டிகளில் ஒட்டியிருந்த பெயர்களையெல்லாம் அப்படியே எழுதிக்கொண்டேன். 'குழுவின் தேவைகள்' என்ற இடத்தில் தலைவருக்கு மேசை, சுழல் நாற்காலி, பெயர்ப்பலகை, ரப்பர் ஸ்டாம்பு என்று அடக்கமாகக் கேட்டேன். 'இதுவரை செய்த பணிகள்' என்ற இடத்தில் 'எழுத்தில் அடங்காது' என்று எழுதினேன். எழுதாமல் விடுவதைவிட அது கௌரவம்.

குழு கூடும் இடத்தின் புகைப்படமும் வேண்டுமாம். வெள்ளிக்கிழமை அதிகாலையிலேயே மொட்டை மாடிக்குப் போனேன். குறுக்கும் நெடுக்குமாக மூன்று கொடிக்கயிறு. மூன்றையும் அவிழ்த்துச் சுருட்டித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போட்டேன். நாற்காலிகளை வரிசையாக அடுக்கிப் படம் எடுத்தேன். பிறகு திருப்பிக் கட்ட மனசு வரவில்லை. சங்க அலுவலகம் சங்க அலுவலகமாகவே இருக்கட்டுமே.

காலை ஒன்பது மணிக்குத் தையல்காரம்மா ஈரத்துணிக் கூடையோடு வாசலில் நின்றார்.

"அண்ணே, கொடி எங்கண்ணே?"

"சங்கத்துக்காக அவுத்துட்டேன்மா."

"எல்லாரும் சங்கத்துக்குக் கொடி ஏத்துவாங்க. நீங்க அவுக்கறீங்களே!"

"ரெண்டு நாள் கொடி இல்லன்னா குடியா முழுகிடும்?" என்றேன்.

என் மனைவி ஈரத்துணியை வீட்டு நாற்காலிகளின் முதுகில் விரித்துப் போட்டாள். மற்ற வீடுகளிலும் அதே கதைதான்.

திங்கட்கிழமை இருட்டுகிற நேரத்தில் அவள் மேலேயிருந்து இறங்கி வந்தாள். முகமே சரியில்லை.

"கண்டக்டருக்கு மூணு நாளா காய்ச்சல். எழுந்து தண்ணி குடிக்கக்கூட முடியாமக் கெடந்திருக்காரு. டாக்டர் வந்து பாத்துட்டாரு. இனிமே பயமில்லையாம்."

கண்டக்டர் என்பவர் பஸ்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்றாம் மாடியில், என் தலைக்கு நேர் மேலே, தனியாக இருக்கிறார்.

"மூணு நாளா யாருக்குமே தெரியலையா?"

"எப்படித் தெரியும்? தினமும் ஒரு நீலச் சட்டை, ஒரு துண்டு காயப்போடுவாரு. கொடியில அது இல்லன்னா யாராவது போய்க் கதவத் தட்டுவோம். முதல் மாடிப் பொண்ணு, குழந்தை பொறந்த புதுசுல, காயப்போட்ட துணிய ரெண்டு நாளா எடுக்கவே இல்ல. போய்ப் பாத்தா, ராப்பகலா அழுதுட்டிருந்திருக்கா. இப்பத்தான் கொடியே இல்லையே. எனக்கே இன்னிக்கு மனசு கேக்கல, போய்த் தட்டினேன்."

குரல் உயர்த்தாமல் சொன்னாள். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அண்டை வீட்டார் நலனைப் பற்றிப் பதினாலு பக்கம் எழுதினவனுக்கு, தலைக்கு மேலே ஒருவர் தாகத்தோடு கிடந்தது தெரியவில்லை. அதுமட்டுமா, தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியையும் நானே சுருட்டித் தொட்டிக்குப் பின்னால் போட்டிருக்கிறேன்.

விடிந்ததும் போய் மூன்று கயிற்றையும் கட்டினேன். மூன்றும் தொய்ந்து தரையைத் தொட்டன. தையல்காரம்மா வந்து இழுத்துக் கட்டினார். இறங்கும் வழியில் கண்டக்டர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"யாரு? ஓ, அந்த அக்கா வீட்டுக்காரரா?" என்றார்.

நான் கண்காணிப்பாளராக இருந்தது அவருக்குத் தெரியவில்லை. உட்காரச் சொன்னார். சில்லறை தராத பயணிகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். நானும் என் அலுவலகத்தில் ஃபைல் தொலைந்த கதையைச் சொன்னேன். மறுநாளும் போனேன். அதற்கும் மறுநாள் அவரே, "ஏன் லேட்டு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை என்னிடம் கேட்க ஆறு மாதமாக ஆளில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நெஞ்சு நிறைந்துபோயிற்று.

அதற்காக விண்ணப்பத்தைக் கைவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மனசாட்சி வேறு, பதவி வேறு. கடைசி நாளன்று நகராட்சிக்குக் கிளம்பினேன். மனைவி ஒட்டிய கவர் ஒன்றை நீட்டினாள்.

"அப்படியே இதையும் குடுத்துட்டு வந்துடுங்க."

தண்ணீர் வராத புகாராக இருக்கும் என்று அதையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து நகராட்சியிலிருந்து ஓர் இளம் பெண் அதிகாரி ஃபைலோடு வந்தார். தேய்த்த சட்டையில் எதிர்கொண்டேன்.

"வாங்க, வாங்க. நான்தான் தலைவர்."

அவர் ஃபைலைப் புரட்டினார். "தலைவர்னு யாரும் இல்லையே சார். அந்த எடத்துல, 'யாருக்கு நேரமிருக்கோ அவங்க'ன்னு போட்டிருக்கு."

எட்டிப் பார்த்தேன். என் மனைவியின் உருண்டை உருண்டையான எழுத்து. நான் வாங்கி வந்த இரண்டாவது ஃபார்ம். நான் சுமந்துபோன கவர்.

"அப்ப என் விண்ணப்பம்?"

"வந்துச்சு சார். உறுப்பினர் பட்டியல்ல ஏழாவதா ஒரு தண்ணி மோட்டார் கம்பெனி பேர் இருந்துச்சு. அதத் தள்ளி வச்சுட்டோம்."

துணி கோஷ்டி கேட்டிருந்தது மழைக்கு ஒரு கூரை, மாடிப்படிக்கு ஒரு கைப்பிடி, முழங்கால் வலிக்காரர்கள் உட்கார இரண்டு பெஞ்சு. அதிகாரி மேலே போய்ப் பார்த்தார். தையல்காரம்மா அவர் கையிலும் ஒரு போர்வையின் முனையைக் கொடுத்து மடிக்க வைத்துவிட்டார். மடித்து முடித்தபோது அதிகாரியின் முகமே சொல்லிவிட்டது, நிதி கிடைத்துவிட்டது என்று.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு," என்றார். "இந்தக் குழுவால பலன் அடைஞ்சவர் ஒருத்தரப் பத்தி எழுதியிருக்கீங்களே, அவரப் பாக்கணும்."

"கண்டக்டர்தானே? இருங்க, கூட்டிட்டு வரேன்," என்று படியிறங்கப் போனேன்.

"அவர் இல்ல சார்," என்று அதிகாரி வாசித்தார். "'ஓய்வு பெற்றவர். ஆறு மாதமாக யாருடனும் பேசவில்லை. டிவியில் செய்தி வாசிப்பவருடன் மட்டும் சண்டை போடுவார். அவர் கையில் பதினாலு பக்க ஃபார்ம் ஒன்று கிடைக்கும்படி செய்தோம். பத்து நாள் பசியெடுத்துச் சாப்பிட்டார். இப்போது தினமும் மாடியேறிப் போய், உடம்பு சரியில்லாத ஒருவருடன் பேசிவிட்டு வருகிறார். நல்ல முன்னேற்றம்.'"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என் பனியனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மடித்துக்கொண்டிருந்தாள்.

"அறிவிப்புப் பலகையில இருந்த அந்தத் தாள்..." என்றேன்.

"உங்க கண் மட்டத்துக்கு ஒட்ட ஸ்டூல் போட வேண்டியதாப் போச்சு," என்றாள்.

அதிகாரி ஒரு தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு, என் கையெழுத்துக்குக் கீழே அழகாக ஒரு பதவி அச்சாகியிருந்தது: 'பயனாளி'.