கர்னல் வீட்டுப் படங்கள்

கம்ப்யூட்டருக்குள்ளிருந்து 'டிக்... டிக்...' என்று டிஸ்க் சாகப்போகும் சத்தம் வந்தபோது, லிசாண்ட்ரோவின் கண்முன் வந்து நின்றது கர்னல் தெஜேதாவின் மீசைதான்.

பராவோனா ஊரில் லிசாண்ட்ரோ தன் வீட்டிலேயே போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தான். கர்னலின் மகள் யாரிட்சாவுக்குப் பதினைந்து வயது நிறைந்த விழாவை அவன்தான் படமெடுத்தான். கல்யாணமே தோற்றுப்போகும் விழா. அத்தனை படமும் இந்த ஒரே கம்ப்யூட்டருக்குள் இருந்தன. கேமரா கார்டை அழித்து, அடுத்து வந்த ஞானஸ்நானத்துக்குப் பயன்படுத்தியாகிவிட்டது.

கர்னலின் ஜீப்புக்குச் சரியாகப் பெயிண்ட் அடிக்காத ஒருவன் இருந்தான். இப்போது அவன் எந்த ஊரில் இருக்கிறான் என்று அவன் அம்மாவுக்கே தெரியாது.

லிசாண்ட்ரோ அவசரமாகப் படங்களை ஒரு பென்டிரைவில் ஏற்றினான். மேஜையில் வைத்தால் தொலைந்துவிடும், சட்டைப்பையில் வைத்தால் விழுந்துவிடும் என்று பயந்து, கடைசியில் சமையலறை அரிசி டப்பாவுக்குள் ஆழமாகப் புதைத்தான். மனைவி நூரிஸிடம்கூடச் சொல்லவில்லை.

நூரிஸின் தம்பி வில்கின் பென்டிரைவ் விஷயத்தைக் கேட்டதும் சிரித்தான். "பென்டிரைவா? அதை நம்பி யாராவது வீட்டுல நிம்மதியா தூங்குவானா மச்சான்? எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கு. சும்மா மாட்டி விட்டுரு, அதுவே காப்பி எடுத்துக்கும்."

"எப்பவும் மாட்டியே வைக்கலாமா?"

"அதுதானே வசதியே!"

வாங்கினான். மாட்டினான். மத்தியானம் வழக்கம்போலக் கரண்ட் போயிற்று. திரும்பி வரும்போது சும்மா வரவில்லை. 'பட்' என்றொரு வெடிச்சத்தம். கம்ப்யூட்டரிலிருந்தும் புகை, டிஸ்க்கிலிருந்தும் புகை.

"ரெண்டும் சேர்ந்தே போயிருச்சேடா!" என்று லிசாண்ட்ரோ தலையில் கைவைத்தான்.

அப்போது போன் அடித்தது. கர்னல்.

"படம் என்னாச்சு?"

"நல்லா... நல்லா வந்துட்டிருக்கு ஐயா."

"நானே நேர்ல வரேன்." போன் வைக்கப்பட்டது.

லிசாண்ட்ரோ போனை அப்படியே போட்டான். ஓடிப்போய் அரிசிக்குள்ளிருந்து பென்டிரைவைத் தோண்டி எடுத்தான்.

"இனிமே பூமியில எதையும் நம்பாதே மச்சான். கிளவுட்ல போட்டுருவோம்," என்றான் வில்கின். "தீ பிடிச்சாலும் புயல் அடிச்சாலும் அது பாட்டுக்கு மேல இருக்கும்."

நூரிஸின் லேப்டாப்பில் படங்களை இறக்கி, அங்கிருந்து மேலே அனுப்பினார்கள். ஆமை வேக நெட்டில் ஏறிய படங்களைப் பார்த்துக்கொண்டு லிசாண்ட்ரோ ஜெபம் செய்தான். எல்லாம் ஏறி முடிந்ததும்தான் அவனுக்கு மூச்சு வந்தது. பென்டிரைவை மறுபடி அரிசியில் புதைத்துவிட்டு, கர்னல் வருகிறாரா என்று வாசலில் ஒரு மணி நேரம் காத்து நின்றான்.

திரும்பி வந்தபோது வில்கின் பெருமையோடு சொன்னான்: "அக்கா லேப்டாப்ல இடமே இல்லை. அந்த போல்டரை அழிச்சுட்டேன். குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிட்டேன். அதான் மேல பத்திரமா இருக்கே!"

கிளவுடைத் திறந்து பார்த்தார்கள். ஒன்றும் இல்லை.

வில்கின் எச்சில் விழுங்கினான். "கீழ அழிச்சா மேலயும் அழியும் போல இருக்கு மச்சான்."

"போலவா? டேய், என்னைக் கொன்னுட்டியேடா!"

"கத்தாதே. அதான் பென்டிரைவ் இருக்கே."

அந்த நிமிடம் சமையலறையிலிருந்து ஒரு நாற்றம் வந்தது. சோறு அடிப்பிடித்த வாசனை லிசாண்ட்ரோவுக்குப் பழக்கம். சட்டியடி காந்தலை விரும்பித் தின்கிறவன்தான். ஆனால் இதில் பிளாஸ்டிக் கலந்திருந்தது.

நூரிஸ் கரண்டியோடு வெளியே வந்தாள். "அரிசிக்குள்ள எவன்யா இந்தக் கருமத்தைப் போட்டது? களையும்போது கண்ணுக்கே தெரியலை. சட்டியடியில ஒட்டிக்கிட்டு உருகிக் கிடக்கு!"

வாசலில் ஜீப் நின்றது.

வில்கின் பின்பக்கச் சுவரேறிக் குதித்தான். கர்னல் உள்ளே வந்தார். பின்னாலேயே யாரிட்சா, சூயிங்கம் மென்றபடி, போனிலிருந்து கண்ணெடுக்காமல்.

"கதவைச் சாத்து," என்றார் கர்னல். "என் பொண்ணு விழாப் படமெல்லாம் எங்கே?"

லிசாண்ட்ரோ அவர் காலில் விழுந்தான். "ஐயா, மன்னிச்சிருங்க. கம்ப்யூட்டர் எரிஞ்சு போச்சு. டிஸ்க்கும் எரிஞ்சு போச்சு. மேல போட்டது அழிஞ்சு போச்சு. மிச்சமிருந்தது சோத்தோட வெந்து போச்சு."

"வேற காப்பி?"

"கிடையாதுங்க."

"எங்கேயுமே?"

"எங்கம்மா மேல சத்தியமா, எங்கேயுமே இல்லீங்க."

கர்னலின் மீசை துடித்தது. அவர் கை இடுப்புப் பக்கம் போனது. லிசாண்ட்ரோ கண்ணை மூடிக்கொண்டான். நூரிஸ் சிலுவை போட்டாள்.

கை இடுப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்தது. கர்னல் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, அவனைத் தூக்கி நிறுத்தி, எலும்பு நொறுங்கக் கட்டிக்கொண்டார்.

"நீ என் வயித்துல பால வார்த்தடா! விழா அன்னைக்கு நான் எல்லைக் காவல்ல இருந்ததா ஜெனரலுக்கு எழுதிக் குடுத்திருக்கேன். நான் எங்க இருந்தேன்னு விசாரிக்க நாளைக்கு அவரே வராரு. பொண்ணோட நான் ஆடுற படம் ஒண்ணு சிக்கினாலும் என் தொப்பி போயிரும். ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. உன்னை மிரட்டியாவது எல்லாத்தையும் அழிக்கச் சொல்லலாம்னுதான் வந்தேன்."

லிசாண்ட்ரோவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நூரிஸ் காப்பி போட ஓடினாள்.

யாரிட்சா அப்போதுதான் போனிலிருந்து தலையைத் தூக்கினாள். "என்னப்பா நீங்க, அன்னைக்கு இவர் சாப்பிடப் போனப்பவே கேமராவுல இருந்த எல்லாத்தையும் என் போனுக்கு இழுத்து இன்ஸ்டால போட்டுட்டேனே, நீங்க ஆடுற படத்துக்கு ஜெனரல் அங்கிள்கூட ஹார்ட் விட்டிருக்காரு!"