அண்ணாந்து சொன்ன சரி

இந்த வீட்டில் தன் பேச்சைக் கேட்டு அசைகிற பொருள் ஒன்றாவது இருந்தே தீர வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மெய்ப்புக்காரர் சபதம் செய்தார். சத்தமாகத்தான் செய்தார். பல் விளக்கிக்கொண்டே செய்ததால் வெளியே நுரைதான் வந்தது. சபதம் யார் காதிலும் விழவில்லை. அதுவும் நல்லதற்குத்தான்.

அவருக்கு ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிற வேலை. ஒற்று விட்டுப்போன இடத்தில் ஒற்றுப் போடுவார், அநாவசியமாகக் கொம்பு முளைத்திருந்தால் ஒடிப்பார். அதில் கெட்டிக்காரர். தொல்லை என்னவென்றால், சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகும் சிவப்புப் பேனா மனசுக்குள் மூடாமலே இருக்கும். மனைவி ஏதாவது கேட்டால் பதில் சொல்ல மாட்டார். கேள்வியைத் திருத்துவார்.

"ஏங்க, ஹால் சுவரு கொட்டுது. பெயிண்ட் அடிக்கணும்."

"சுவர் கொட்டாதும்மா. தேள்தான் கொட்டும். சுவர் உதிரும்."

"சரி, உதிருது. எப்ப அடிக்கலாம்?"

"யோசிச்சுச் சொல்றேன்."

அவர் யோசித்து முடித்ததாக அந்த வீட்டில் யாரும் கண்டதில்லை. சுவர் தன்பாட்டுக்கு உதிர்ந்துகொண்டிருந்தது.

மனைவி ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தாள். விளக்கைத் திருப்புவது, எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, டாக்டர் கை நீட்டுமுன் இடுக்கியை எடுத்து நீட்டுவது. அதிகம் பேச மாட்டாள். பேச வேண்டிய நேரத்துக்குக் காத்திருப்பாள்.

சபதம் வீண்போகவில்லை. அடுத்த வாரமே அச்சகத்துக்கு ஒரு புத்தகம் வந்தது. வீட்டிலேயே ட்ரோன் செய்வது எப்படி என்று படம் போட்டு விளக்கும் புத்தகம். மெய்ப்புக்காரர் அதில் வண்டி வண்டியாகப் பிழை பிடித்தார். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடும்போது ஒரு நியாயம் தோன்றியது. 'எழுதியவன் பிழையையே திருத்திய எனக்கு, அவன் செய்த ட்ரோனைச் செய்யத் தெரியாதா?'

பார்சல்கள் வந்தன. மாடி அறை மேஜையில், எச்சிலைக்கூட மெதுவாக விழுங்கிக்கொண்டு, அவர் ஒவ்வொன்றாகப் பிரித்தார். நாலு கை நீட்டிய கறுப்புச் சட்டம். பாட்டில் மூடி அளவுக்கு நாலு மோட்டார். பிஸ்கட் அளவில் ஒரு பலகை. அதுதான் மூளையாம். இப்படிச் சாய்ந்தால் அந்த மோட்டாரை முடுக்கு, அப்படிச் சாய்ந்தால் இந்த மோட்டாரை அடக்கு என்று கண் இமைக்கும் நேரத்துக்குள் ஆயிரம் தடவை கணக்குப் போடுமாம். மெய்ப்புக்காரர் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். இவ்வளவு வேகமாக யோசிக்கிற ஒன்றை அவர் பார்த்ததே இல்லை.

மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது, சிலந்தியா?"

"ட்ரோன். நாலு கை, நாலு மோட்டார். பறக்கும்."

"ரெண்டு கை இருந்தும் நீங்க ஒரு ஆணி அடிக்க மாட்டேங்கறீங்க. அது நாலு கையை வச்சுக்கிட்டு என்ன செய்யப் போகுது?"

"யோசிச்சுச் சொல்றேன்."

ஈயம் உருக்கிக் கம்பிகளை ஒட்டினார். கம்பியோடு விரலையும் ஒட்டிக்கொண்டார். மனைவி ஆஸ்பத்திரிப் பஞ்சால் கட்டுப் போட்டாள். கட்டுப் போட்ட விரலோடு மறுபடி உட்கார்ந்தார். ஒருவழியாக ஒரு மாலை, மொட்டை மாடி நடுவில் அதை வைத்து, தள்ளி நின்று, ரிமோட்டின் குச்சியை மெல்ல மேலே தள்ளினார். ட்ரோன் உறுமியது. ஒரு பக்கம் எழும்பியது. குட்டிக்கரணம் போட்டு, தலைகீழாகக் கிடந்து துடித்தது.

"பறந்துடுச்சா?" என்றாள் மனைவி.

மெய்ப்புக்காரர் குனிந்து பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"ரெண்டு இறக்கை இடம் மாறிப்போச்சு," என்றார் சின்னக் குரலில்.

"எழுத்துப் பிழை மாதிரியா?"

அந்தக் கேள்வியில் திருத்த ஒன்றும் இருக்கவில்லை.

இறக்கைகளை மாற்றிப் பூட்டினார். மறுநாள் மாலை மறுபடி குச்சியைத் தள்ளினார். இந்தத் தடவை உறுமல் ஒரே சுருதியில் ஏறியது. மாடித் தரையின் தூசி வட்டமாக விலகியது. ட்ரோனின் நாலு காலும் தரையை விட்டன.

முதலில் அவர் பார்த்தது ட்ரோனை இல்லை, அதன் நிழலை. அதுவரை காலோடு ஒட்டிக்கிடந்த நிழல் தனியாகப் பிரிந்து, தரையில் நழுவிப் போயிற்று. பிறகுதான் தலை நிமிர்ந்தார். இடுப்பு உயரம், தலை உயரம், தண்ணீர்த் தொட்டி உயரம். அவர் கையால் திருகிய திருகாணிகள், அவர் விரலைச் சுட்ட ஈயம், எல்லாமாகச் சேர்ந்து ஆகாயத்தில் நின்றுகொண்டிருந்தது. கண்ணில் நீர் முட்டியது. வாய் தானாகப் பிளந்துகொண்டது.

பக்கத்தில் மனைவியும் அண்ணாந்து நின்றாள். வாயைத் திறந்தபோது, பழக்க தோஷத்தால், தினமும் கேட்கிற கேள்விதான் வந்தது.

"ஏங்க, ஹாலுக்குப் பெயிண்ட் அடிச்சிடலாமா?"

"ஆ... சரி சரி."

மனைவி சட்டென்று வானத்திலிருந்து பார்வையை இறக்கி, கணவரைப் பார்த்தாள். அண்ணாந்த தலை. திறந்த வாய். இரண்டு கையும் அசைக்க முடியாமல் மாட்டிக்கொண்டிருக்கின்றன. எங்கேயோ பார்த்த காட்சி. எங்கேயோ என்ன, தினமும் ஆஸ்பத்திரியில் பார்க்கிற காட்சிதான். டாக்டர் எப்போதும் நோயாளியின் வாய் நிறையப் பஞ்சை அடைத்த பிறகுதான், "பக்கத்துப் பல்லையும் எடுத்துடலாமா?" என்று கேட்பார். அதுவரை எந்த நோயாளியும் மறுத்ததில்லை.

மறுநாள் காலையிலேயே பெயிண்டர் வந்துவிட்டார்.

அதிலிருந்து மனைவிக்கு ட்ரோன் மேல் உயிர். மெய்ப்புக்காரர் ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுமுன், "பேட்டரி சார்ஜ் ஆயிடுச்சு, வாங்க," என்பாள். இறக்கைகளைத் துணியால் துடைத்து வைத்திருப்பாள். ட்ரோன் மேலே போனதும், "அடடா, என்ன அழகு!" என்பாள். அது கூரைகளைத் தாண்டிக் கைக்குட்டை அளவாகி, பொத்தான் அளவாகி, வெறும் முணுமுணுப்பாகிப் போகும்போது மெதுவாக அவர் காதருகே வருவாள்.

"ஏங்க, அந்தப் பழைய சோபாவைத் தள்ளிட்டுப் புதுசு வாங்கிடலாமா?"

"சரி."

"ஏங்க, என் தம்பி வீட்டுல மராமத்து நடக்குதாம். முடியற வரைக்கும் நம்ம மாடி ரூம்ல இருக்கட்டுமே?"

"ஐயோ, காத்து இழுக்குது! சரி, சரி!"

கீழே இறங்கிய பிறகு மெய்ப்புக்காரருக்கு ஒன்றும் நினைவிருக்காது. மேலே பார்த்ததுதான் நிற்கும். மச்சான் மாடி அறையில் பெட்டியை இறக்கியபோதுகூட, இவன் எப்போது வந்தான் என்று ஒரு கணம் விழித்துவிட்டு, மேஜையை மாடிப்படிக்கு அடியில் நகர்த்திக்கொண்டார். அங்கே உட்கார்ந்தால் நிமிர முடியாது. போனால் போகிறது, நிமிர்வதற்கு மொட்டை மாடி இருக்கிறதே.

ஒருநாள் பக்கத்து வீட்டுப் பஸ் டிரைவரிடம் பெருமை அடித்துக்கொண்டார்.

"என் சம்சாரத்துக்கு என் கலை மேல அவ்வளவு பிரியம் சார். நான் ஓட்ட ஆரம்பிச்சா பக்கத்துலயே நின்னு பேசிக்கிட்டே இருப்பா."

டிரைவர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஓட்டும்போதா பேசுறாங்க?"

"ஆமா. அப்பதான் பேசுவா."

"நீங்க பதில் வேற சொல்றீங்களா?"

"சரின்னுதான் சொல்லுவேன். வேற என்ன சொல்ல முடியும், கண்ணை எடுக்க முடியாதே?"

"எங்க பஸ்ஸுல டிரைவரோட பேசாதீங்கன்னு போர்டு எதுக்குப் போட்டிருக்கான்னு நினைச்சீங்க? பயணிங்க உயிரைக் காப்பாத்த இல்ல சார். டிரைவரைக் காப்பாத்த."

மெய்ப்புக்காரர் வீட்டுக்குத் திரும்பி ஹாலில் நின்றார். புதுச் சுவர். புது சோபா. அதில் காலை நீட்டியபடி மச்சான். ஒவ்வொன்றும் ஒரு 'சரி'. அவருக்குத் தலை சுற்றியது.

ஆனாலும் மெய்ப்புக்காரர் இலேசுப்பட்டவரா? மாடிப்படி அடியில் கூனிக் குறுகி உட்கார்ந்து, மூளைப் பலகையோடு ஒரு சின்னக் கருவியை இணைத்தார். வானத்துச் செயற்கைக்கோள்களைக் கேட்டு, தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளும் கருவி. அது இருந்தால் குச்சியை விட்டுவிடலாம். காற்று தள்ளினாலும் ட்ரோன் நின்ற இடத்திலேயே நிற்கும். அதாவது, ஓட்டுகிறவர் திரும்பி நின்று, நன்றாக வாயை மூடிக்கொண்டு, கேட்ட கேள்வியைத் திருத்தலாம்.

அன்று மாலை ட்ரோனை மேலே ஏற்றினார். நிறுத்தினார். இரண்டு கையையும் ரிமோட்டிலிருந்து எடுத்தார். ரிமோட் கழுத்துப் பட்டையில் தொங்கியது. மார்பில் கையைக் கட்டிக்கொண்டு மனைவியின் பக்கம் திரும்பினார்.

"ம். இப்பக் கேளு பார்ப்போம்."

மனைவி எதையும் கேட்கவில்லை. அவர் சொன்னது அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. அவள் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை வாய் திறந்திருந்தது அவளுக்கு.

"யாரும் பிடிக்காமயே நிக்குதுங்க," என்றாள்.

மெய்ப்புக்காரரும் நிமிர்ந்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இத்தனை நாள் அவர் அதை ஓட்டினாரே தவிர, ஒரு தடவைகூட நிதானமாகப் பார்த்ததில்லை. எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தப் பக்கம் இழுக்கிறது என்ற பதைப்பிலேயே பொழுது போயிருந்தது. இப்போது கையில் வேலை இல்லை. சாயங்கால வெயில் அதன் அடிவயிற்றில் பட்டது. இறக்கைகள் இருந்த இடத்தில் நாலு பொன்வட்டங்கள். காற்று அடித்தது. ட்ரோன் லேசாகத் தலை சாய்த்து, காற்றுக்கு வழி விட்டு, மறுபடி தன் இடத்துக்கே வந்து நின்றது. பறவைகள் வரிசையாக வந்து, அதைப் பார்த்து, இரண்டாகப் பிரிந்து, அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டன. அவ்வளவு பெரிய வானத்தில் அவர் வைத்த ஒரு புள்ளி, வைத்த இடத்திலேயே இருந்தது.

நாம் செய்ததா இது?

"இனிமே இதை ஓட்டுறது சுலபம்தானே?" என்று எங்கிருந்தோ ஒரு குரல் கேட்டது.

"ரொம்பச் சுலபம்," என்றார் கண்ணை எடுக்காமல்.

"அப்ப இனிமே நானே ஓட்டட்டுமா?"

"ஆ... சரி."

ரிமோட் பட்டை கழுத்திலிருந்து கழன்று போனபோதுதான் அவர் கீழே பார்த்தார். பட்டை மனைவியின் கழுத்தில் இருந்தது. இடுக்கி பிடித்துப் பழகிய விரல்கள் குச்சிகளைத் தொட்டதும் தெரியவில்லை, விட்டதும் தெரியவில்லை. ட்ரோன் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, எதிர்மாடிக் கொடிக்கயிற்றுக்கு மேலே வழுக்கிக்கொண்டு போயிற்று. அவர் ஓட்டி அது ஒருநாளும் அப்படிப் போனதில்லை. பார்க்கப் பார்க்க அவருக்கு ஆத்திரம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது.

பிறகு மூளை வேலை செய்தது. அவள் அண்ணாந்திருக்கிறாள். இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருக்கின்றன. ஆகா! மெய்ப்புக்காரர் பூனை நடை நடந்து அவள் காதருகே போனார். குரலில் தேனைக் குழைத்தார்.

"ஏம்மா, அப்ப நான் எனக்குன்னு இன்னொரு ட்ரோன் செஞ்சுக்கட்டுமா?"

அவள் கண் வானத்தை விட்டு இறங்கவில்லை. ட்ரோன் அணுவளவும் ஆடவில்லை.

"முடியாது."