கென்டே துணியை நான் திருத்திய கதை

கவலைப்படுகிறவர்கள் பொறுப்பானவர்கள் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. தயவுசெய்து நம்பாதீர்கள். பொறுப்பானவர்கள் சொன்ன வேலையைச் செய்துவிட்டுச் சும்மா இருப்பார்கள். கவலைப்படுகிற நாங்களோ, சொல்லாத வேலையையும் சேர்த்துச் செய்வோம்.

நான் ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள். அதில் எனக்கு வெட்கமில்லை. காப்பெல் என்கிற அமெரிக்க ஊரில், என் கராஜில் தைத்த ப்ளவுஸைப் போட்டுக்கொண்டு பிஎச்.டி. படித்தவர்களும் கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பித்தான் பார்க்கிறார்கள். அதிலும் கட்டம் போட்ட துணி என்றால் நான் ராணி. தோள் தையலில் கட்டத்தோடு கட்டம் சேரும், அக்குளில்கூடச் சேரும். (அக்குளை யார் பார்க்கப் போகிறார்கள் என்பார் சாஃப்ட்வேர்க்காரரான என் கணவர் ரவி. நான் பார்ப்பேனே!)

அந்தத் திறமைதான் என்னைக் கவிழ்த்தது.

எதிர்வீட்டு க்வாமே அங்கிள் கானா நாட்டுக்காரர், அசாந்தே இனத்தவர். மகள் கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது, ஒரு பெரிய துணியைப் பச்சைக் குழந்தையைப் போல் ஏந்திக்கொண்டு வந்தார். கென்டே. பெண்ணின் அப்பாவாக அவர் உடம்பில் சுற்றி, இடது தோளில் போட்டுக்கொண்டு நிற்க வேண்டிய துணி. ஊரில் நெசவாளியிடம் சொல்லிவைத்து, மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கியது.

கென்டேயை ஒரே அகலத் துணியாக நெய்வதில்லை. உள்ளங்கை அகலத்தில் நீளநீளப் பட்டைகளாக நெய்து, பக்கத்தில் பக்கம் வைத்துத் தைக்கிறார்கள். அங்கிளுடையதில் இருபத்துநாலு பட்டை. ஓரிடத்தில் இரண்டு பட்டைகளுக்கு நடுவே ஒரு விரல் நீளத்துக்குத் தையல் விட்டிருந்தது.

"இதை மட்டும் மூடிக் கொடும்மா," என்றார். (சொன்னது இங்கிலீஷில். 'ம்மா' மட்டும் நான் சேர்த்துக்கொண்டது.)

இரண்டு நிமிஷ வேலை. முடித்துவிட்டு முழுசாக விரித்துப் பார்த்தேன். ஒரு பட்டையில் தங்கக் கட்டம் இருக்கும் இடத்தில் அடுத்த பட்டையில் பச்சைக் கட்டம். ஒன்றுகூடச் சேரவில்லை! யாரோ அவசரத்தில் தள்ளித் தள்ளித் தைத்திருக்கிறார்கள். கல்யாண மண்டபத்தில் யாராவது "இது யார் தைத்தது?" என்று கேட்டால்? "எதிர்வீட்டு செல்வி" என்பாரே!

மூன்று நாள். இருபத்துநாலு பட்டையையும் பிரித்தேன். ஒன்றுவிட்டு ஒன்றை ஒரு கட்டம் நகர்த்தி, தங்கத்தோடு தங்கம், பச்சையோடு பச்சை சேர்த்தேன். மேலேயும் கீழேயும் பல்லுப் பல்லாக நீட்டிக்கொண்டிருந்ததை வெட்டிச் சமன் செய்து ஓரம் அடித்தேன். எனக்கு நானே கைகொடுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

வியாழக்கிழமை அங்கிளும் அவர் மனைவி அபெனா ஆன்ட்டியும் வந்தார்கள். விரித்துக் காட்டினேன். ஆன்ட்டி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கட்டம் எல்லாம் கோணலா இருந்துச்சு அங்கிள். நேராக்கிட்டேன்," என்றேன். பாதியிலேயே குரல் இறங்கிவிட்டது.

"அது கோணல் இல்லை, செல்வி. அதுதான் டிசைன்," என்றார் ஆன்ட்டி.

மாறி மாறி வர வேண்டும் என்றே அந்த நெசவாளி இழை எண்ணி நெய்திருக்கிறார். அதைத்தான் நான் ஸ்கூல் அசெம்பிளி மாதிரி வரிசையில் நிறுத்தி வைத்திருந்தேன்.

பேச்சுச் சத்தம் கேட்டு ரவி வந்தார். "ஒரு சின்ன பக் ஃபிக்ஸ் பண்ணச் சொன்னா, மொத்த ப்ரோக்ராமையும் ரீரைட் பண்ணி வெச்சிருக்கியேடி! பேக்கப் இருக்கா?"

"வெட்டின துண்டு இருக்கு," என்று சொல்லிவிட்டு அழுதேன்.

சனிக்கிழமை கல்யாணம். அங்கிளிடம் நல்ல சூட் இருக்கிறது. ஆனால் மகள் கல்யாணத்தில் சூட்டில் நிற்பதாக இருந்தால் அந்த மனுஷன் ஏன் இத்தனை மாதம் காத்திருக்க வேண்டும்?

ஆன்ட்டிதான் முதலில் அசைந்தார். துணியின் கீழ் நுனியைத் தூக்கி மேல் நுனிக்குப் பக்கத்தில் வைத்தார். தங்கத்துக்குப் பக்கத்தில் பச்சை! "ஒன்றுவிட்டு ஒன்றைத் தலைகீழாகத் திருப்பித் தைத்தால் போதும். வெட்டியதையாவது ஒழுங்காக வெட்டியிருக்கிறாய்."

வெள்ளிக்கிழமை காலையில் ஆன்ட்டியும் அவருடைய இரண்டு அக்காக்களும் சாப்பாட்டோடு கராஜில் ஆஜர். நாலு பேரும் பிரித்தோம், திருப்பினோம், தைத்தோம். ஒவ்வொரு பட்டைக்கும் நான் "கரெக்டா? ஷ்யூரா?" என்று கேட்டதில், பெரிய அக்கா பொறுமை இழந்து, பொரித்த வாழைப்பழத் துண்டு ஒன்றை என் வாயில் திணித்தார்.

அங்கிள் அந்தத் துணியில்தான் கல்யாணத்துக்கு வந்தார். ஒரு கட்டம் குறைந்துபோனதால் அது தோளில் நிற்கவில்லை. ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் ஆடினார். கொஞ்ச நேரத்தில் எங்கள் தெரு ஆட்கள் எல்லாரும், அதுதான் முறை போலிருக்கிறது என்று ஒற்றைக் கையால் ஆடிக்கொண்டிருந்தார்கள். ரவி உட்பட.

அசாந்தே மக்கள் ஒவ்வொரு கென்டே டிசைனுக்கும் பெயர் வைப்பார்களாம். ராஜா ராணி பெயர்கள், நடந்த சம்பவங்கள், இப்படி. விருந்தில் ஒரு பெரியவர் அங்கிளின் துணியைத் தொட்டுப் பார்த்து, "தெரிந்த டிசைன் மாதிரி இருக்கிறது, ஆனால் இல்லை. இதற்கு என்ன பெயர்?" என்று கேட்டார்.

அங்கிள் சிரிக்காமல் சொன்னார்: "செல்விக்குக் கவலை."

பெயர் ஒட்டிக்கொண்டது; வருஷங்கள் ஆகியும் போகவில்லை. போன மாதம் அங்கிளின் பேத்திக்குப் பக்கத்து ஊரான ரிச்சர்ட்சனில் பிறந்தநாள். முன்பின் தெரியாத ஒரு கானா நாட்டு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"செல்வி? அந்த டிசைன் நீதானா?"

"நானேதான்," என்றேன், கொஞ்சம் நிமிர்ந்து.