ஒரு தள்ளுபடிக் கோடும் ஆபீசர் வண்டியும்

எங்கள் குடும்பத்தில் பெற்ற அப்பாவையே துணை மேலாளர் ஆக்கியவன் ஒருவன்தான் இருக்கிறான். அது நான். அதற்கு எனக்கு நான்கு நிமிடம் ஆனது. (அப்பா இருபத்தோரு வருடமாக முயன்றும் பர்மனென்ட்கூட ஆகவில்லை என்பதையும் சேர்த்துக் கணக்கில் கொள்க.)

அப்பா சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓரம் சிந்தும் நிலக்கரியை அள்ளிப்போடும் காண்ட்ராக்ட் தொழிலாளி. வீடு சுரங்க டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்து கிராமத்தில். எங்கள் பக்கம் பெண் கேட்டு வருகிறவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் கேட்பது, "அப்பா பர்மனென்டா, காண்ட்ராக்டா?" என்றுதான். அந்தக் கேள்வியில் என் தங்கை செல்விக்கு வந்த இரண்டு வரன்கள் காபி ஆறுவதற்குள் எழுந்து போயிருந்தன.

மூன்றாவது வரன் குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்தது. தறி நெய்கிற குடும்பம், பையன் மருந்துக்கடையில் வேலை. கோயிலில் வைத்துப் பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனார்கள். செல்விக்குப் பையனைப் பிடித்துவிட்டது. (அவள் சொல்லவில்லை. மூன்று நாள் என்னோடு சண்டை போடவில்லை, அதை வைத்துச் சொல்கிறேன்.) தரகர் அவர்களிடம் "பொண்ணோட அப்பாவுக்கு மைன்ஸ்ல வேலை" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார். அடுத்து நாங்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போக வேண்டும். இந்த வரனும் தட்டிப்போனால் செல்வி தாங்கமாட்டாள் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். காரில் போய் இறங்கினால் யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்கமாட்டார்கள் என்பது இருபத்து மூன்று வயதில் என் சித்தாந்தம்.

அப்போது நான் டவுன்ஷிப் கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்தேன். ஒருநாள் ஒருவர் சுரங்க அலுவலகச் சுற்றறிக்கை ஒன்றை நகல் எடுக்க வந்தார். ஊழியர்களுக்கு வாடகைக் கார் பாதி விலையில், பதிவு செய்யும்போது இந்தத் தள்ளுபடிக் கோடு நம்பரைப் போட்டால் போதும் என்று இருந்தது. முதல் பக்க நகலில் மை இழுகிவிட்டதால் வேறொன்று எடுத்துக் கொடுத்தேன். இழுகிய பக்கம் என் சட்டைப்பைக்குள் போனது. இரண்டாம் பக்கம் பழுதில்லாமல் வந்து அவரோடு போய்விட்டது. நிபந்தனைகள் எல்லாம் அந்த இரண்டாம் பக்கத்தில்தான் இருந்தன.

அன்று மாலையே கைபேசியில் பதிவு செய்தேன். 'நீங்கள் ஊழியரா?' என்று கேட்டது. இருபத்தோரு வருடம் கரி அள்ளியவர் ஊழியர் இல்லாமல் வேறென்ன என்று எனக்கு ரோஷம் வந்து, ஆம் என்று தட்டினேன். பிறகு பதவியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. பட்டியல் துணை மேலாளரில் தொடங்கி மேலே போனது. அடக்கம் கருதி, இருப்பதிலேயே சின்னதைத் தேர்ந்தெடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளைக் கார் வந்து நின்றது. இருக்கை முழுக்க வெள்ளைத் துண்டு. முன் கண்ணாடியில் 'அலுவலகப் பணி' என்று ஒரு பலகை. சீருடை போட்ட டிரைவர் இறங்கிக் கதவைத் திறந்து, "வணக்கம் சார்" என்றார். அப்பா திரும்பித் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார்.

"எவ்ளோடா கேட்டான்?" என்று வண்டிக்குள் ரகசியமாகக் கேட்டார்.

"கம்மிதாம்ப்பா. ஆஃபர்."

அம்மா மடியிலிருந்த பழத்தட்டைத் துண்டில் படாமல் தூக்கிப் பிடித்தபடியே குறிஞ்சிப்பாடி வரைக்கும் வந்தாள். நான் பலகையைப் பார்த்துவிட்டேன், ஆனால் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால், பெருமையாகத்தான் இருந்தது.

கார் தெருவுக்குள் நுழைந்ததும் தறிச் சத்தம் வீடு வீடாக நின்றது. மாப்பிள்ளையின் அப்பா வாசலுக்கு ஓடி வந்து பலகையைப் பார்த்தார், சீருடையைப் பார்த்தார், தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். எங்களை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அவர் மட்டும் நின்றார்.

"உக்காருங்க" என்றார் அப்பா.

"இருக்கட்டுங்க. ஆபீசர் வூடுன்னு தரகர் சொல்லவே இல்லீங்க. நாங்க தறி ஓட்டிகினு இருக்கறவங்க. ஒங்களுக்கு ஈடா எங்களால செய்ய முடியாதுங்க. பின்னால மனஸ்தாபம் வர்றதுக்கு, இப்பவே வேணாம்னு வுட்டுடலாங்க."

என் வாயிலிருந்த கேசரி அப்படியே நின்றது. காண்ட்ராக்ட் என்பதால் இரண்டு வரன்கள் போயின. மூன்றாவதை, அப்பாவை ஆபீசர் ஆக்கி, நானே துரத்திக்கொண்டிருந்தேன். உள்ளே கதவோரம் மாப்பிள்ளை முகம் வாடி நின்றார்.

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த நேரம் பார்த்து டிரைவர் ஒரு தாளோடு உள்ளே வந்தார். "சார், டிரிப் ஷீட்டுங்க. பதவி, எம்ப்ளாயி நம்பர், எதுக்கு வந்தீங்கன்னு எழுதி ஒரு கையெழுத்து போட்டுடுங்க. ஆபீஸ் வேலையா போனாதான் இந்தக் கோடு செல்லும். ரெண்டாம் பக்கத்துலயே போட்டுருக்குங்களே."

அப்பா என்னைப் பார்த்தார். "நான் மொதப் பக்கந்தாம்ப்பா பாத்தேன்" என்றேன். அம்மா பழத்தட்டை இன்னும் கீழே வைத்திருக்கவில்லை.

அப்பா கண்ணாடியை மாட்டினார். அவருக்கு வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதும் பழக்கம் உண்டு. (நான் செத்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.)

"பதவி... காண்ட்ராக்ட் தொழிலாளி, கன்வேயர் பெல்ட், இருபத்தோரு வருசம். எம்ப்ளாயி நம்பர்... இல்லை. பயண நோக்கம்... மகளுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க."

கடைசியாக 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் மட்டும் சத்தமில்லாமல் நிறைய எழுதினார். கையெழுத்துப் போட்டு டிரைவரிடம் கொடுத்தார்.

"முழு வாடகையும் எம்மவன் கட்டிடுவான். தப்பா நெனச்சுக்காதீங்க. சாப்ட்டுட்டுப் போங்க." பிறகு மாப்பிள்ளையின் அப்பா பக்கம் திரும்பினார். "நான் ஆபீசர் இல்லீங்க. பர்மனென்ட்டும் இல்ல. கரி அள்ளறேன். இப்ப ஒங்களுக்கு எப்படித் தோணுதோ சொல்லுங்க."

எங்கள் பக்கம் 'பர்மனென்ட் இல்லை' என்பதை யாரும் அவ்வளவு தலைநிமிர்ந்து சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. வெட்கத்தில் காது எரிந்தது. அதையும் மீறி, இவர் என் அப்பா என்று தெருவுக்கே கேட்கக் கத்த வேண்டும்போல இருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா இடுப்பிலிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். ஒரு நாற்காலியை இழுத்து அப்பாவுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா நானும் மொதல்லயே உக்காந்திருப்பேன் சம்பந்தி. காலு வலிக்குதுங்க" என்றார்.

சாப்பிட்டு முடித்ததும் டிரைவர் டிரிப் ஷீட்டின் மஞ்சள் நகலை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, காலி வண்டியை அலுவலகப் பணியாக ஓட்டிக்கொண்டு போனார். நாங்கள் பஸ்ஸில் திரும்பினோம். மாப்பிள்ளை வந்து வண்டியேற்றிவிட்டார். அம்மாவுக்கு ஜன்னல் சீட்டும் பிடித்துக் கொடுத்தார்.

அன்றிலிருந்து, செல்வியைக் கட்டிக்கொண்ட மச்சானுக்கு நான் 'ஆபீசர்'. அந்த மஞ்சள் நகலை அவர் லேமினேஷன் செய்து வைத்திருக்கிறார். எனக்குப் பெண் பார்க்கப் போனபோது, "பையன் எப்படி?" என்று பெண்வீட்டார் கேட்டார்கள். மச்சான் பையிலிருந்து அதை எடுத்து நீட்டினார். குறிப்புக் கட்டத்தில் அப்பாவின் கையெழுத்தில் இப்படி இருந்தது:

'கோடு போட்டது என் மகன். தங்கச்சிக்காகச் செய்தான். கெட்டவன் இல்லை. இரண்டாம் பக்கம் படிக்கமாட்டான்.'

அதைப் படித்துவிட்டுத்தான் பெண் கொடுத்தார்கள். வீட்டுக்கு எந்தத் தாள் வந்தாலும் என் மனைவி முதலில் திருப்பிப் பார்க்கிறாள். பின்பக்கம் ஒன்றும் இல்லை என்றால்தான் என்னிடம் தருகிறாள்.